தாம்பாளத்தோடு தேடிப்போன இன்ஃப்ளூயன்சர்

உப்பங்காற்று உலவுகிற இந்த மாலைப் பொழுதிலே, உழைத்துக் களைத்த உடம்போடு, வியாபார நேரத்தையும் பாராமல் கடைக்கதவை ஒரு மணி நேரம் முன்னதாகவே இழுத்துப் பூட்டிவிட்டு வந்து, இந்த மண்டபத்தை நிறைத்து அமர்ந்திருக்கிற பெருமக்களே! அவைக்குத் தலைமை தாங்கி, அரைமணி நேரமாக இந்த மைக்கைத் தட்டித் தட்டி அதற்கு உயிர் கொடுத்த, எங்கள் வட்டாரச் சிறுவணிகர் சங்கத்தின் தலைவர், அரிசிக்கடை அண்ணாச்சி சிவசுப்பிரமணியன் அவர்களே! அளந்து விற்ற கையால் அன்பை மட்டும் அளக்காமல் தந்த மூத்த வணிகப் பெருந்தகைகளே! வீட்டை ஒரு தட்டிலும் கடையை ஒரு தட்டிலும் வைத்து, தராசின் முள் அசையாமல் நிறுத்துக் காட்டுகிற தாய்மார்களே! பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும், தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை மெயின்ரோட்டிலே மக்ரூன் கடை வைத்திருக்கிற முத்துச்செல்வத்தின் வணக்கம், வணக்கம், வணக்கம்!

எனக்குத் தந்திருக்கிற தலைப்பு என்ன? "இன்ஃப்ளூயன்சர்களை அணுகி வியாபாரத்தை வளர்ப்பது எப்படி?" தலைப்பைச் சொன்னபோது தலைவர் அண்ணாச்சியின் நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. குற்றமில்லை. ஓராண்டுக்கு முன்பு வரை எனக்கும் தடுக்கிய சொல்தான் அது. கைப்பேசியிலே வீடியோ போடுகிறவர்கள்; இந்தக் கடையிலே இது நன்றாக இருக்கிறது என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், ஆயிரம் பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவுதான் அதற்குப் பொருள். அந்த ஆயிரம் பேரை எதிர்பார்த்துத்தான் இந்த ஏழையும் ஏங்கி நின்றேன்.

ஏன் ஏங்கினேன்? சொல்கிறேன். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போகிற வருகிற வண்டியெல்லாம் ஒரு காலத்திலே என் கடை வாசலில் மூச்சு வாங்கிவிட்டுத்தான் போகும். கல்யாண வீட்டுக்காரர் வாங்குவார், கப்பலுக்குப் போகிறவர் வாங்குவார், மறுவீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை வாங்குவார். நான்குவழிச் சாலை வந்தது. நல்லதுதான், நாட்டுக்கு நல்லது. ஆனால் வண்டிகள் ஊருக்குள் நுழையாமலே பறந்தன. வாங்க வந்த கூட்டம் வற்றியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கூம்பு கூம்பாய் முந்திரி மக்ரூன் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு வெளியே நான் இருப்பேன். தீபாவளி வரை பார்ப்பது, அதற்கும் மேல் முடியாவிட்டால் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடையிலே நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவர் சீனித்தாய். பத்தொன்பது ஆண்டுகளாக முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, மாவைப் பிழிகிற கை அவருடைய கை. அந்த நான்கு குடும்பத்திற்கும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்ற நினைப்பிலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் என் மனைவி முத்துக்கனி சொன்னாள்: "ஊரெல்லாம் வீடியோவப் பாத்துத்தான் திங்கப் போகுது. நீங்க மேடையில முழங்குதீங்கள்லா, அதுல பாதிய அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுங்க."

எழுதினேன்! எப்படி எழுதினேன் தெரியுமா? "முத்து விளைந்த முந்நீர்க் கரையினின்று முகமன் கூறி மடல் வரைகிறேன். தங்கள் பொற்பாதம் எம் சிறுகடையில் பதியுமாயின், எங்கள் குலம் தழைக்கும், கொற்றம் செழிக்கும்" என்று நாற்பது வரி. அந்த நாற்பது வரியை நாற்பது பேருக்கு அனுப்பினேன். ஒரே கடிதம், ஒரு எழுத்து மாறவில்லை. மோட்டார் சைக்கிளில் மலையேறுகிறவருக்கும் அதுதான், முகத்திற்குச் சாயம் பூசக் கற்றுத் தருகிறவருக்கும் அதுதான்!

சிரியுங்கள், சிரியுங்கள். பதில் வந்ததைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். முப்பத்தாறு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். ஒருவருடைய மேனேஜர், ஒரு வீடியோவுக்கு எவ்வளவு என்று ரேட் கார்டு அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். இன்னொரு தம்பி எழுதினார், "அங்கிள், கோயில் கொடைக்கெல்லாம் நான் நன்கொடை தரதில்ல." நான் மக்ரூன் கடைக்காரன் என்பது நாற்பது வரியில் எங்குமே இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் இரண்டு நாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டு திரிந்தேன்.

நாற்பதாவது ஆளின் பதில் மணப்பாட்டிலிருந்து வந்தது. விஜிலா என்று ஒரு பெண். இருபத்தாறு வயது. அப்பா பிடித்து வருகிற மீனைக் கடற்கரையிலேயே சமைத்து, தின்று, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி வீடியோ போடுகிறவள். லட்சக்கணக்கான கூட்டம் அவளுக்கு இல்லை. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். அவள் எழுதினாள்: "அண்ணாச்சி, நீங்க எழுதுனத நாலு தடவ படிச்சேன். ரொம்ப அழகா இருக்கு. என்ன செய்யணும்னு மட்டும் புரியல."

உடனே போனை எடுத்தேன். முத்துக்கனி பிடுங்கிவிட்டாள். "போன்ல கூப்பிட்டா அது அழைப்பா? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மாமன் வீட்டுல போன்லயா சொன்னோம்? புருசனும் பொஞ்சாதியுமாப் போயி வாசல்ல நின்னு கூப்பிட்டாத்தான நாலு பேரு வந்து நிப்பாவ? கெளம்புங்க!"

தாய்மார்களே, அவள் சொன்னதில் ஏதாவது தப்பு உண்டா? இல்லை! நம் ஊரிலே அழைப்பு என்றால் அதுதானே அழைப்பு! பித்தளைத் தாம்பாளத்தைத் துலக்கினாள். வெற்றிலை வைத்தாள், பாக்கு வைத்தாள், ஒரு சீப்புப் பழம் வைத்தாள், இரண்டு முழம் மல்லிகை வைத்தாள், நடுவிலே ஒரு டப்பா மக்ரூன் வைத்தாள். பட்டுச்சேலை கட்டினாள். நான் மடிப்புக் கலையாத வேட்டி கட்டினேன். திருச்செந்தூர் போய், பஸ் மாறி, குலசேகரப்பட்டினம் தாண்டி, மணப்பாட்டில் இறங்கினோம்.

"வீடியோ எடுக்குற விஜிலா வீடு எங்கம்மா?" என்று எதிரே வந்த பெண்ணிடம் கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தாம்பாளத்தைப் பார்த்தாள். வழிகாட்டக் கூடவே வந்தாள். அடுத்த தெருவில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். கோயில் பக்கம் திரும்பும்போது, எங்களுக்குப் பின்னால் எட்டுப் பெண்கள்! நம் ஊரைப் போல விருந்தோம்பல் உலகத்தில் உண்டா என்று நான் நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன்.

வீட்டு வாசலில் விஜிலாவின் அப்பா ரெக்சன் நின்றார். அன்று அதிகாலையில்தான் கடலிலிருந்து கரையேறியவர். எங்களைப் பார்த்தார். பட்டுச்சேலையைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. மரியாதைப்பட்ட மனிதர், நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. எம் பிள்ளைக்கு மாப்பிள்ள பாத்தாச்சி. அடுத்த மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கப் போறாங்க. தட்ட எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டுக்குள், கணவனும் மனைவியுமாய், பூவும் பழமும் வெற்றிலையும் ஏந்திக்கொண்டு முன்பின் தெரியாத இருவர் நுழைந்தால் யார் எதை நினைப்பார்கள்? அது எங்கள் இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை! நான் எழுந்து நின்று, "அண்ணாச்சி, பொண்ணு கேட்டு வரல அண்ணாச்சி! நாங்க மக்ரூன் விக்கோம்!" என்றேன்.

சன்னலோரம் நின்ற எட்டுப் பெண்களும் ஒருசேரச் சிரித்த சிரிப்பு, புதுக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். ரெக்சன் அண்ணாச்சி சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. உள்ளேயிருந்து விஜிலா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பா, நாலு பேரு எனக்கு மெயில் போட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. தட்டு வச்சுக் கூப்பிட்டது இவங்கதான். நான் போறேன்" என்றாள்.

ஆனால், கவனியுங்கள் தம்பிமார்களே, அவள் சும்மா வரவில்லை. மூன்று பேச்சுப் பேசினாள். "என் வேலைக்குக் கூலி வாங்குவேன். வாங்குனேன்னு வீடியோவுலயே எழுதிருவேன், மறைக்க மாட்டேன். திங்குற பண்டத்த மட்டும் காசு குடுத்துத்தான் வாங்குவேன். ஓசியில தின்னா நாக்கு உண்மை பேசாது. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன்." சரி என்றேன். எவ்வளவு எளிதாகச் சரி என்றேன்! என் சரக்கைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கையா? அல்லது அவள் நாக்கைப் பற்றி அவ்வளவு அலட்சியமா?

என்ன தம்பி, சீட்டு? "ஐந்து நிமிடம்" என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சி, நான் மேடையேறி முப்பது வருஷம் ஆகிறது, ஐந்து நிமிடச் சீட்டு வந்தால்தான் எனக்குப் பேச்சே சூடு பிடிக்கும். சாம்பார் ஆறாது, பொறுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை விஜிலா வந்தாள். அன்றைக்கு அவள்தான் போணி. காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல்லாவில் போட்டேன். கேமராவை நிறுத்தி வைத்தாள். முத்துக்கனி நிற்கிறாள், பின்னால் மாவு பிசைகிற மேசையருகே சீனித்தாய் நிற்கிறார். விஜிலா ஒரு மக்ரூனை எடுத்தாள். நுனியைக் கடித்தாள். மென்றாள். நின்றாள். இன்னொரு கடி கடித்தாள்.

"அண்ணாச்சி, இதுல நிலக்கடலை கலந்திருக்கு."

பெருமக்களே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த மேடையில் நிற்கிற நான், வாய்மை வாய்மை என்று நூறு மேடையில் முழங்கிய நான், "இல்லம்மா, சுத்தமான முந்திரி" என்று சொன்னேன். கேமரா ஓடுகிறது. சொல்லிவிட்டுத் திரும்பினேன். சீனித்தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆமாம். கலந்தேன். விற்பனை குறைந்தது, முந்திரி விலை ஏறியது. முதலில் ஒரு கைப்பிடி நிலக்கடலைப் பருப்பு. யாருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டு கைப்பிடி. அப்புறம் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு ஆண்டு! நாய் விற்ற காசு குரைக்குமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாலை என் கூட்டத்தைக் கொண்டுபோய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னேனே, வந்து கொண்டிருந்த மிச்சக் கூட்டத்தை விரட்டியது எது? அந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்கவே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

விஜிலா கேமராவை அணைத்தாள். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, கடலை சேராத பிள்ளைங்க உண்டு. தின்னா மூச்சு முட்டும். சொல்லாமக் கலக்குறது தப்பு. நான் இதப் போட மாட்டேன். நல்லா இருக்குன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். கூலி வேண்டாம். இன்னைக்கே கலக்குறத நிறுத்துங்க" என்றாள். பையை மாட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

இப்போது என்னை நீங்கள் பாருங்கள். அவளைப் போகவிட்டால் என் மானம் பிழைக்கும். யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, சாலை கெடுத்தது, காலம் கெடுத்தது என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். அவளைத் திரும்பக் கூப்பிட்டால்? ஊரறிய நான் ஏமாற்றுக்காரன். முத்துக்கனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கலந்தது அவளுக்கும் தெரியாது அண்ணாச்சி. முப்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தார் ரோட்டில் ஓடினேன். பஸ் படியில் கால் வைக்கப் போனவளை, "ஏளா தாயி, நில்லு! வந்து அந்தக் கேமராவப் போடு!" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். போட்டாள். நாற்பது வரி மடல் எழுதியவனுக்கு அன்றைக்கு நான்கு வரிதான் வாயில் வந்தது. "நான் ரெண்டு வருசமா முந்திரியில கடலை கலந்தேன். சொல்லாம வித்தேன். இன்னையிலருந்து கலக்க மாட்டேன், வெல கூடத்தான் செய்யும். என்ன மன்னிச்சிருங்க." கடலை டின்னைத் தூக்கிக் கேமரா முன்னால் வைத்தேன். விஜிலா ஒரு வரியையும் வெட்டவில்லை, ஒரு வரியையும் சேர்க்கவில்லை. இந்த முறை கூலி வாங்கினாள், வாங்கியதையும் சொன்னபடியே எழுதிப் போட்டாள்.

பிறகு என்ன, கூட்டம் கூட்டமாய் வந்து மாலை போட்டார்களா? இல்லை! முதல் மூன்று நாள் வந்தவர்கள் வைதார்கள். சாத்தான்குளத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கார் பிடித்து வந்து, "எம் மக கல்யாணத்துக்கு இருநூறு டப்பா வாங்கினேனே, அதுலயும் கடலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாய் வலிக்க வைதுவிட்டு, புது மக்ரூனை ஒன்று தின்று பார்த்தார். இன்னொன்று தின்றார். பேசாமல் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாலையை விட்டு இறங்கி, கேட்டுக் கேட்டு, "கடலை அண்ணாச்சி கடை எங்க?" என்று வந்தார்கள். அதுதான் இப்போது எனக்குப் பெயர்! பேங்கில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே யாரோ கத்துகிறார், கேட்கிறது, கேட்கிறது! கூப்பிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. தீபாவளி வந்தது, போனது. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. கடை பெரிதாகிவிடவில்லை, நானும் பெரிய ஆளாகிவிடவில்லை. சரக்கு மிஞ்சுவதில்லை, சாப்பாடு இறங்குகிறது. அது போதும்.

ஆனால் அருமைப் பெருமக்களே, இன்ஃப்ளூயன்சரைப் பற்றி நான் கற்றது இதுவரை சொன்னதில் இல்லை. வீடியோ வந்ததற்கு அடுத்த வாரம் கற்றேன்.

ஒரு சாயங்காலம். கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். சீனித்தாய் வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவினார். வழக்கமாகப் பின்வாசல் வழியாகப் போகிறவர், அன்றைக்குச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். வரிசையிலே, கடைசி ஆளாக நின்றார். முறை வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினார். "கால் கிலோ போடுங்க அண்ணாச்சி."

நான் பதறிவிட்டேன். "ஏளா சீனித்தாயி, நீ பிழிஞ்ச பண்டத்துக்கு நீ எதுக்குக் காசு குடுக்க? வேணுங்கிறத எடுத்துக்கிட்டுப் போ."

அவர் தலை நிமிர்ந்து சொன்னார்: "பிள்ளைகளுக்கு அண்ணாச்சி. ரெண்டு வருசமா அடுத்த கடையிலதான் வாங்கிக் குடுத்தேன்."

பெருமக்களே! சாத்தான்குளத்து அண்ணாச்சி வைதது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே! நாற்பது பேருக்கு மடல் எழுதினேன், மடிப்பு வேட்டி கட்டிப் பஸ் ஏறினேன், பதினோராயிரம் பேர் யாரை நம்புகிறார்கள் என்று கணக்குப் பார்த்தேன். என் கையெட்டும் தூரத்திலே பத்தொன்பது ஆண்டுகளாக ஒருவர் நின்றார். அவர் தெருவே அவர் சொல்லை நம்பும். அவர் என் பண்டத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாரா என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்டிருந்தால் கெட்டிருப்பேனா?

ஆகவே சொல்கிறேன், வணிகப் பெருமக்களே! இன்ஃப்ளூயன்சரைத் தேடுங்கள், தேடவேண்டிய காலம்தான் இது. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் கடை என்ன கடை என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்! கூலியை ஒளிக்காமல் கொடுங்கள். உண்மை பேசுகிற நாக்கைத் தேடுங்கள், பேசினால் தாங்குங்கள். ஆனால் அந்த மடலில் முதல் எழுத்தைத் தட்டுவதற்கு முன்னால், உங்கள் கடைக்குள்ளே திரும்பிப் பாருங்கள். உங்கள் சரக்கைப் பிசைகிறவரிடம், பொட்டலம் கட்டுகிறவரிடம், "உன் வீட்டுக்கு இதைக் கொண்டுபோவாயா?" என்று கேளுங்கள். அவர் தலை குனிந்தால் போனைக் கீழே வையுங்கள். தலை நிமிர்ந்தால் தாம்பாளத்தை எடுங்கள், தாராளமாகப் புறப்படுங்கள். அழைக்கப் போகிற வீட்டில் பெண் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்!

மேடை தந்த தலைவர் அவர்களுக்கும், ஐந்து நிமிடச் சீட்டை மூன்று முறை அனுப்பியும் முகம் சுளிக்காத செயலாளர் அவர்களுக்கும், தட்டோடு வந்தவனைத் தள்ளிவிடாமல் தண்ணீர் கொடுத்த மணப்பாட்டு ரெக்சன் அண்ணாச்சிக்கும், அவர் பெற்ற நேர்மையான மகள் விஜிலாவுக்கும், என்னை ஒரு பார்வையில் திருத்திய முத்துக்கனிக்கும், மூன்றாம் வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கிற சீனித்தாய் அவர்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி.

அந்தக் கால் கிலோவுக்குக் காசு வாங்கினாயா என்று அங்கே ஒரு தாய் கேட்கிறார். வாங்கினேன் அம்மா. எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். வாங்கினபோது அழுதுவிட்டேன். வணக்கம்!